சூளை இல்லாதவர் வாங்கிய சிவப்புப் பொடி

பொடி விற்கிறவளுக்கு முதலில் வேண்டியது சந்தேகம், தராசெல்லாம் அப்புறம்தான். கடையில் அடுக்கியிருக்கிற சாக்குகளில் முக்கால்வாசி வெள்ளை. எது களிமண், எது கல் மாவு, எது பிளாஸ்டர் என்று கண் சொல்லாது, கைதான் சொல்லும். விருத்தாசலத்தில் தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில், பீங்கான் யூனிட்டுகளுக்குப் பொடி விற்கிற கடை ஒன்றில் நான் பதினோரு வருஷம் நின்றிருக்கிறேன். பொம்மை செய்கிறவர்கள், ஃபியூஸ் கட்டை செய்கிறவர்கள், ஊறுகாய் ஜாடி செய்கிறவர்கள் எல்லோரும் எங்களிடம்தான் வருவார்கள்.

கவுண்ட்டருக்கு உள்பக்கம் நின்று பிழைக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டால் வாடிக்கையாளருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்; கேட்காமல் விட்டால் நமக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். இரண்டாயிரத்துக்கு அப்புறம் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நான் அழுத்திக் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால், என் கையால் நிறுத்துக் கொடுத்த பொடி ஒரு கர்ப்பிணியின் வயிற்றுக்குள் போனது. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

வாயில் போன களிமண்

எங்கள் கடைக்கு வருகிற பெண்களில் சிலருக்கும் பீங்கானுக்கும் சம்பந்தமே இருக்காது. "புள்ளைக்கு ஸ்கூல்ல பொம்ம செய்யச் சொன்னாங்க, ஒரு கட்டி வெள்ள மண்ணு குடுங்க" என்பார்கள். மே மாசத்தில் எந்த ஸ்கூலில் பொம்மை செய்யச் சொன்னார்களோ. கட்டியைக் கையில் வாங்கியதும், தும்மல் வந்த மாதிரி அந்தப் பக்கம் திரும்பி, ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார்கள். மசக்கை. கண்டுபிடித்துவிட்டால் நான் கட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்வேன். "இது சூளைக்குப் போற மண்ணு, வயித்துக்குப் போற மண்ணு இல்ல. ஆஸ்பத்திரியில சத்து மாத்திர தராங்க, போயி அத வாங்கி முழுங்கு" என்று விரட்டுவேன். முறைத்துக்கொண்டே போவார்கள்.

இதையெல்லாம் பார்த்து ரசிக்கிற ஆள் கோமதி. எங்கள் கடைக்கு மூன்றாவது கட்டடத்தில் இருந்த பொம்மை யூனிட்டில், அச்சுக்குள் களிமண் கூழ் ஊற்றுகிற வேலை அவளுக்கு. அச்சு செய்ய பிளாஸ்டர் வாங்கிப் போக வாரத்துக்கு இரண்டு தடவை வருவாள். இருபத்தாறு வயசு, இரண்டு பெண் குழந்தைகள், ஓயாத வாய். சாக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊர்க் கதை பேசுவாள். அன்றைக்கும் நான் ஒருத்தியை விரட்டி முடிக்கிற வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "எங்க யூனிட்ல மண்ணு கொறையுதுன்னா மொதலாளி லாரிக்காரன சந்தேகப்படுவாரு. நான் யாரு வாந்தி எடுக்கறாங்கன்னு பாப்பேன்க்கா."

கலரு எடுப்பா வேணும்

ஒரு நாள் புது ஆள் ஒருத்தர் வந்தார், நாற்பத்தைந்து வயசு இருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, மொபெட், கைப்பிடியில் தொங்குகிற மஞ்சள் பை. சிவப்பு ஈயப் பொடி அரைக் கிலோ வேண்டும் என்றார். பீங்கான் மேல் பூசுகிற பளபளப்புக்காகச் சில யூனிட்டுகளில் சேர்க்கிற சமாச்சாரம் அது. பார்க்கக் குங்குமம் மாதிரி இருக்கும், தூக்கினால் கனக்கும். உள்ளே போனால் விஷம். அதை நிறுக்கிற அன்றைக்கு நான் மூக்கில் துணி கட்டிக்கொள்வேன். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். "எந்த யூனிட்டுங்க?" என்று கேட்டேன். "வேப்பூர் பக்கத்துல சின்னதா ஒண்ணு போட்டிருக்கேம்மா" என்றார்.

வேட்டியை விடுங்கள், கையைப் பார்த்தேன். யூனிட் வைத்திருக்கிறவர் எவ்வளவு பெரிய முதலாளியாக இருந்தாலும் நகக்கண்ணில் வெள்ளை ஒட்டியிருக்கும். இவருக்கு மருதாணி வைக்கப்போகிற கல்யாணப் பெண் மாதிரி சுத்தமான நகம். அதைக்கூட மன்னித்துவிடலாம். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "கலரு இன்னும் எடுப்பா இருந்தா நல்லாருக்கும்" என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடித்தது. சூளை வைத்திருக்கிறவர் யாரும் இந்தப் பொடியைக் கலருக்காக வாங்க மாட்டார். தீக்குள் போனதும் அந்தச் சிவப்பு போய்விடும். மினுமினுப்பு மட்டும்தான் நிற்கும். சிவப்பாகவே இருக்க வேண்டும் என்றால் அது சூளைக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

மிளகாய்த் தூளில் கலக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஆறு மாசம் வெளியில் மிளகாய்த் தூளே வாங்கவில்லை, வீட்டில்தான் அரைத்தேன். மாசத்துக்கு ஒரு தடவை அவர் வரும்போதெல்லாம் முதலாளியின் காதைக் கடிப்பேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "வர்றவன் போறவன எல்லாம் நீ சந்தேகப்பட்டா, கடைய சாத்திட்டு உன்ன போலீஸ் ஸ்டேஷன்லதாம்மா வுடணும்."

எந்தப் பக்கமும் சேராத மூணு மாசம்

ஒரு நாள் கோமதி வந்து சாக்கு மேல் ஏறாமல் கீழேயே நின்றாள். முழுகாமல் இருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டிய முகம், பரீட்சைக்குப் போகிற முகம் மாதிரி இருந்தது. மூன்றாவது பிரசவம், வீட்டில் பேச்சே வேறாகப் போய்விட்டதாம். இதுவும் பெண்ணாகிவிட்டால் மகனுக்கு வேறு இடம் பார்ப்பேன் என்று மாமியார் நேரடியாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி, இவள் காதில் விழும்படி பார்த்துக்கொண்டாள். கோமதியின் புருஷன் செங்கல் லோடு ஏற்றுகிற லாரியில் போகிறவர். அம்மா பேச்சை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத மனுஷன்.

"மருந்து தராங்களாம்க்கா. ஒம்பது பொட்டலம். காள கன்னு போட்ட மாட்டுப் பால்ல கலந்து, கெழக்க பாத்து நின்னு குடிக்கணுமாம். மூணு மாசம் வரைக்கும் புள்ள எந்தப் பக்கமும் சேராம இருக்குமாம். அதுக்குள்ள குடிச்சா ஆம்பளயா திரும்பிக்குமாம்" என்றாள். யார் தருகிறார் என்று கேட்டேன். மாமியாருக்குத்தான் தெரியும் என்றாள். என்ன மருந்து என்று கேட்டேன். கேட்டால் பலிக்காதாம். பெயர் தெரியாத ஆள், பெயர் தெரியாத மருந்து, கேள்வி கேட்டால் பலிக்காது என்கிற நிபந்தனை வேறு. "வயித்துல இருக்கறது பஸ்ஸா, ரிவர்ஸ் எடுத்துத் திருப்பறதுக்கு? தொடாத அத" என்று கத்தினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்கென்னக்கா, ரெண்டும் ஆம்பளப் புள்ளையா பெத்துட்டு பேசற."

பத்தியத்தின் மேல் பழி

அதற்கு மேல் நான் அவளிடம் வாதாடவில்லை. ஆனால் விசாரிக்காமலும் இருக்க முடியவில்லை. ஜாடி யூனிட் நடத்துகிற ஒரு பெரியவர் வந்திருந்தார், எல்லா ஊர் விஷயமும் தெரிந்தவர். மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். ஆண் குழந்தை மருந்தா, தெரியாமல் என்ன, என்று ஆரம்பித்தார். வேப்பூர் பக்கத்திலிருந்து ஒரு வைத்தியர் வருகிறாராம். வாரத்தில் ஒரு நாள் நம் பக்கத்து மங்களூரில், ஒரு நாள் திட்டக்குடியில், ஒரு நாள் இங்கே. பெரியவருடைய யூனிட்டிலேயே மூன்று பேர் சாப்பிட்டார்களாம், மூன்று பேருக்கும் ஆண்தானாம்.

மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்டேன். பெரியவர் விரல் விட்டார். கல்யாணி, சித்ரா, டிரைவர் சம்சாரம் என்று நீண்டு ஏழு பேர் தேறினார்கள். மூன்று ஆண், மூன்று பெண், ஒன்று நாலாம் மாசமே கலைந்துவிட்டது. மருந்தே சாப்பிடாத ஏழு பேரைக் கூப்பிட்டுக் கணக்கு எடுத்தாலும் ஏறக்குறைய இதேதானே வரும் என்றேன். கலைந்ததைப் பற்றி யாருமே கேட்கவில்லையா என்றும் கேட்டேன். எனக்கு விவரம் போதாது என்கிற மாதிரி சிரித்தார். "பொண்ணு பொறந்தவங்க எல்லாம் பத்தியம் சரியா இருக்கலன்னு வைத்தியரே சொல்லிட்டாரேம்மா."

கனம்

வேப்பூர் என்ற சொல் எனக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. மொபெட்டும் வேப்பூர், வைத்தியரும் வேப்பூர். ஆனால் வேப்பூர் என்ன சின்ன ஊரா, நாலு ரோடும் கூடுகிற இடம், ஆயிரம் பேர் வருவார்கள் போவார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுவாரம் கோமதி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. வயிற்றைப் பிசைகிற வலி, மலம் போகவில்லை, வாயில் எதைப் போட்டாலும் இரும்பைச் சப்பிய மாதிரி இருக்கிறது என்றாள். நாலு நாள் மருந்து குடித்தாயிற்று, இன்னும் ஐந்து பாக்கி. ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து, "நீதான் பொடியெல்லாம் கண்டுபுடிப்பியே, இது என்னான்னு பாரு" என்று என் உள்ளங்கையில் வைத்தாள்.

பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. புளியங்கொட்டை அளவுப் பொட்டலம், வைத்த இடத்தில் கை ஒரு அங்குலம் இறங்கியது. பதினோரு வருஷம் பொடி நிறுத்த கை பொய் சொல்லாது. பிரித்தேன். காய்ந்த இலைத் தூள் கொஞ்சம், சீரக வாசனை கொஞ்சம், அதற்கு நடுவே அந்தக் குங்குமச் சிவப்பு. தண்ணீரில் போட்டேன். இலைத் தூள் மேலே மிதந்தது, சிவப்பு நேரே அடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. பக்கத்து டம்ளரில் எங்கள் சாக்கிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேன். அதுவும் அப்படியேதான் இறங்கியது.

மிளகாய்த் தூளுக்கு என்று நினைத்து மாசா மாசம் என் கையால் மடித்துக் கொடுத்திருக்கிறேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு நான் நிறுத்ததை இவள் பாலில் கலந்து குடித்திருக்கிறாள். "இது வெசம் கோமதி, எங்க கடைப் பொடி" என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். "இத்தினி பொட்டலம் இவ்ளோ கனமா இருக்குதே, அப்ப சக்தி உள்ள மருந்துன்னுதான் அத்த சொன்னாங்க."

ஆஸ்பத்திரி பெஞ்சு

அரை நாள் லீவு போட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மிச்சமிருந்த பொட்டலங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கோமதி நாலு தடவை எழுந்து ஓடப் பார்த்தாள். நான் அவள் முந்தானையை என் பையின் காதோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன், நம்பினால்தானே.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். அப்புறம் கோமதிக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். குழந்தை ஆணா பெண்ணா என்பது கரு உண்டாகும்போதே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு எந்தப் பொடியும், எந்தப் பாலும், எந்தத் திசையும் அதை மாற்றாது. ஆனால் ஈயம் தாயின் ரத்தத்தில் கலந்து குழந்தைக்குப் போகும், மூளையைக் கெடுக்கும், கர்ப்பத்தைக் கலைக்கும். நாலு நாளோடு நிறுத்தியது நல்லது, இனி ஒரு சிட்டிகை கூடாது, ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாண்டிச்சேரிக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றார். கோமதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எழுந்திருக்கும்போது டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் எழுதிக் குடுக்கற மாத்திரைக்கு, இதனால புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதேன்னு பத்து தடவ கேக்கறாங்க. இந்தப் பொடி குடுக்கறவங்கிட்ட ஒரு தடவகூட கேக்க மாட்டாங்க."

மொபெட் வந்தது

பாண்டிச்சேரிக்கு அவர்கள் போகவில்லை. இன்றைக்கு லோடு, நாளைக்கு லோடு என்று புருஷன் தள்ளிக்கொண்டே போனார். நான் கேட்கும்போதெல்லாம், "அதான் நிறுத்திட்டேனேக்கா" என்பாள் கோமதி. உண்மையில் நிறுத்திவிட்டாள்தான். ஆனாலும் வயிற்று வலி விடவில்லை, ஆள் இளைத்துக்கொண்டே போனாள். மசக்கை இத்தனை மாசமா இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டு மாசம் கழித்து அந்த மொபெட் வந்து நின்றது. நான் முதலாளியைப் பார்த்தேன். நடந்ததையெல்லாம் அன்றைக்கே அவரிடம் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அந்தச் சாக்கைப் பின்கட்டில் பூட்டி, பழகின யூனிட்டுகளுக்கு மட்டும் கொடுத்தோம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பொடி இல்லைங்க" என்றார் முதலாளி. நான் விடவில்லை. "சூளை வச்சிருக்கேன்னு சொன்னீங்களே, எங்க இருக்குது அது, பொம்பளைங்க வயித்துலயா?" என்று கேட்டுவிட்டேன். அந்த ஆள் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோதுமை அளவுதான் போடுகிறேன், எலுமிச்சைச் சாற்றில் சுத்தி பண்ணித்தான் போடுகிறேன் என்றார். எந்தக் காலேஜில் படித்தீர்கள், எந்தச் சித்த ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள், போர்டு எங்கே என்று கேட்டேன். மொபெட்டைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "என் மருந்து வெசம்னா, நீ ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனியே அந்தப் பொண்ணு, அதோட மாமியாரு போன வாரமும் வந்து ஏன் வாங்கிட்டுப் போச்சு?"

டம்ளரின் அடியில்

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கோமதி வேலைக்குப் போகவில்லை, வீட்டில் படுத்திருந்தாள். ஐந்து மாச வயிறு, அதற்கேற்ற சதை உடம்பில் இல்லை. பக்கத்தில் பால் குடித்த எவர்சில்வர் டம்ளர். எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடியில், விளிம்பை ஒட்டி, ஒரு சிவப்பு வளையம். விரலால் தேய்த்தேன், மாவாக ஒட்டியது. பாலில் கரையாது அது, கடைசி மடக்கில்தான் உள்ளே போகும். காலையும் சாயங்காலமும் மாமியார் பால் ஆற்றிக் கொடுத்து, அடிவரைக்கும் குடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். திடீரென்று அத்தை பாசமாகிவிட்டாள் என்று கோமதி என்னிடம் பெருமையாகச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மாமியார் அடுப்படியில் இருந்தாள். டம்ளரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். திட்டுவாள், அடிக்க வருவாள் என்று எதிர்பார்த்தேன். பத்தியம் பாதியில் முறிந்துவிட்டதால் குழந்தைக்குக் கேடு வரும், ஆறு மாசம் வரைக்கும் விடாமல் கொடுத்தால்தான் சரியாகும் என்று அந்த ஆள் சொன்னானாம். குழந்தையைக் காப்பாற்றத்தான் கொடுத்தேன் என்று அழுதாள். இரண்டு மாசமாகவா கொடுக்கிறாய் என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை அசைத்தாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாலு பொண்ணு பெத்த வரைக்கும் எனக்கு இந்த வூட்ல தட்டுல சோறு போடல. அஞ்சாவதா இவன் பொறந்த பெறவுதான் உக்காந்து தின்னேன். இவளுக்கு அந்த நெலம வரக் கூடாதுன்னுதான் செஞ்சேன்."

எட்டாம் மாசம்

அன்றைக்கே மறுபடியும் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை பாண்டிச்சேரிக்கும் போனார்கள். ரத்தத்தில் ஈயம் ஏகத்துக்கு இருந்தது. மாமியார் ஆற்றித் தருகிற பால் இல்லை, பொடி இல்லை, நல்ல சாப்பாடு, மாசத்துக்கு இரண்டு தடவை செக்கப் என்று டாக்டரம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். நானும் தினம் சாயங்காலம் போய் அந்த வீட்டு டம்ளரையெல்லாம் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வருவேன். மாமியார் தானே டம்ளரை எடுத்து நீட்டுவாள். தேறிவிடும் என்றுதான் நினைத்தோம்.

எட்டாம் மாசம் ஒரு காலையில் குழந்தை அசையவில்லை என்று கோமதி சொன்னாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை. கை விரல், கால் விரல் எல்லாம் சரியாக இருந்தது, மூச்சு மட்டும் இல்லை. இதனால்தானா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். இதனால் மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இந்தப் பொடி உள்ளே போகாமல் இருந்திருந்தால் இத்தனை மாசமும் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன் என்றார். மாமியார் வராந்தாவில் குழந்தையைச் சுற்றிய துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, யார் கேட்டும் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு என் கைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினேன், யாருக்காகக் கழுவினேன்.

புகார் கொடுக்கலாம், நான் சாட்சிக்கு வருகிறேன், முதலாளியும் வருவார் என்று கோமதியிடம் சொன்னேன். புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். புகார் என்றால் பாலில் கலந்தது யார் என்ற கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். கோமதி என் கையைப் பிடித்தாள், பிடியில் பலமே இல்லை. "நாலு பொட்டலம் நானாத்தான் தின்னேன்க்கா. மீதிய யாரு குடுத்தாங்கன்னு நான் எங்கயும் சொல்ல மாட்டேன், என் ரெண்டு பொண்ணுங்களும் அந்த வூட்லதான வளரணும்."

நேரடி வாடிக்கை

அவள் சொல்லாவிட்டால் என்ன, நான் சொன்னேன். பெயர் சொல்லாமல், கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். ஆண் குழந்தை மருந்து என்று அந்த ஆள் கொடுப்பது எங்கள் சாக்கில் இருந்த ஈயப் பொடி, பீங்கானுக்குப் பூசுகிற விஷம், தொடாதீர்கள் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ச் சொன்னேன். ஜாடி யூனிட் பெரியவர்கூட உச்சுக் கொட்டினார். மொபெட் எங்கள் ரோட்டுப் பக்கமே வருவதில்லை. சரி, ஏதோ ஒரு உயிராவது தப்பியிருக்கும் என்று எனக்கும் மனசு கொஞ்சம் ஆறியது.

இரண்டு மாசம் போயிருக்கும். திட்டக்குடி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்தார்கள் ஒரு தாயும் மகளும். மகளுக்கு வாந்தி எடுத்துக் களைத்த முகம். களிமண் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நான் விரட்டத் தயாரானேன். தாய் கவுண்ட்டருக்கு மேல் குனிந்து, மெல்லிய குரலில், வைத்தியர் வாங்குகிற சிவப்புப் பொடி இங்கேதான் கிடைக்குமாமே, அவரிடம் போனால் வெயிலில் நாள் பூராவும் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது, நேராக நீங்களே ஒன்பது பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுங்கள் என்றாள்.

நடந்ததை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். பொட்டலம், டம்ளர், எட்டாம் மாசம், துணி மூட்டை, ஒன்று விடாமல் சொன்னேன். மகள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். தாய் நகரவில்லை. நான் சொன்னதில் தனக்கு வேண்டியது எது என்று தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "செத்துப் பொறந்தாலும் அது ஆம்பளப் புள்ளதானம்மா? அப்ப மருந்து வேல செஞ்சிருக்குதுல்ல?"

விஷம், விஷம் என்று நான் ஊர் ஊராகச் சொன்னதில் கண்ட பலன் இவ்வளவுதான்: அந்த ஆளுக்கு வாடிக்கை கொஞ்சம் குறைந்தது, எனக்குக் கூடியது.